பங்க் இசையியக்கத்தின் சுயேச்சை ஒலிநாடா வெளியீட்டகங்கள்: சிற்றிதழ் மரபோடு ஓர் ஒப்புநோக்கு

தமிழ்ச் சிற்றிதழ்களைப் பற்றிய ஆய்வு நம் பல்கலைக்கழகங்களில் ஓரளவு நிலைபெற்றுவிட்டது. சி. சு. செல்லப்பா 1959-ஆம் ஆண்டு சனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கியதும், தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்து சென்று கல்லூரிகளில் விற்றதும் இன்று இலக்கிய வரலாற்றுப் பாடத்தின் பகுதிகள். படிகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு வெளியீட்டின் மதிப்பை அளக்கலாகாது என்பதை அம்மரபே நமக்குக் கற்பித்தது. எனினும் அதே சிறுமுதலோடும் அதே பிடிவாதத்தோடும் எழுத்துக்கு மாற்றாக ஒலியை வெளியிட்டோர் நம் ஆய்வு எல்லைக்குள் இன்னும் வரவில்லை. 1970-களின் இறுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தோன்றிய பங்க் இசைக்குழுவினர் நடத்திய ஒலிநாடா வெளியீட்டகங்கள் இம்முயற்சிக்குத் தெளிவான சான்றுகள். அவற்றின் வரலாற்றைச் சுருக்கமாக விளக்கி, அவ்வரலாறு மலேசியத் தமிழாய்வுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதையும் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பங்க் இசை தமிழ் வாசகர் பலருக்கு அயலானது. விரைந்த தாளம், மூன்று நான்கு சுரக்கூட்டுகளுக்குள் அடங்கும் கிதார் இசை, பண்பட்ட குரலைப் பொருட்படுத்தாத பாடுமுறை ஆகியவை அதன் புற அடையாளங்கள். அவ்விசையை விரும்பிக் கேட்டவன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. இசையின் தரத்தைவிட அது பரவிய முறையே இங்கு நம் கவனத்திற்குரியது.

கருவியின் இயல்பு

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய சிறு ஒலிப்பேழை, முதலில் பேச்சைப் பதிவதற்கான கருவியாகவே கருதப்பட்டது. ஏறத்தாழ 3.8 மில்லிமீட்டர் அகலமுள்ள நாடா, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். அறுபது நிமிடப் பேழையில் பக்கத்திற்கு முப்பது நிமிடம். தொண்ணூறு நிமிடப் பேழையில் பக்கத்திற்கு நாற்பத்தைந்து நிமிடம். பின்னதன் நாடா மெல்லியது. ஆகவே எளிதில் சிக்கிக்கொள்ளும். மொழிக்கூடங்களில் உச்சரிப்புப் பயிற்சி நடத்திய ஆசிரியர்களுக்கு இத்துன்பம் நன்கு தெரிந்திருக்கும்.

இசைத்தட்டு கேட்பதற்கு மட்டுமே உரியது. அதனைச் செய்ய மூல அச்சு வேண்டும். அழுத்தும் ஆலை வேண்டும். சில நூறு படிகளுக்கேனும் முன்பணம் கட்ட வேண்டும். ஒலிப்பேழையோ, கேட்கும் கருவியிலேயே பதியவும் இடந்தருவது. பேழையின் முதுகிலுள்ள இரு சிறு தடுப்புகளை உடைத்துவிட்டால் அதன்மேல் பதிய இயலாது. உடைந்த இடத்தை ஒட்டுத்தாளால் மூடிவிட்டால் மீண்டும் பதியலாம். வெளியீட்டின் மிகக் குறைந்த அளவு ஒரு படி என்ற நிலை ஒலியுலகில் இதனால்தான் ஏற்பட்டது. கேட்பவர் ஒருவர் கேட்டால் அவருக்கு ஒரு படி எடுத்துத் தரலாம். விற்காத சரக்கு என்ற அச்சமே இல்லை.

இவ்வசதிக்கு ஈடாகச் செலுத்த வேண்டியிருந்தது நேரம். அறுபது நிமிடப் பேழை ஒன்றை இயல்பான வேகத்தில் ஐம்பது படிகள் எடுப்பதற்கு ஐம்பது மணி நேரம் வேண்டும். இரட்டை வேகக் கருவி இருந்தால் இருபத்தைந்து மணி நேரம். படியிலிருந்து படியெடுக்கும்போது ஒவ்வொரு தலைமுறையிலும் இரைச்சல் கூடும். உச்ச ஒலிகள் மங்கும். ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதியோர் விட்ட பிழைகளைக் கொண்டு சுவடிகளின் வழிமுறையை வகுப்பதில் பழகிய நமக்கு, ஒரு பேழை எத்தனையாவது கைமாற்றம் என்பதை இரைச்சலின் அளவைக் கொண்டு ஊகிக்கலாம் என்ற செய்தி வியப்பளிக்காது.

இசைத்தட்டிலிருந்து நாடாவுக்கு

பங்க் இயக்கம் எழுந்த உடனேயே பெரிய நிறுவனங்கள் அதனை விலைக்கு வாங்கின. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு 1976 அக்டோபரில் இ.எம்.ஐ. நிறுவனத்துடனும், தி கிளாஷ் குழு 1977 சனவரியில் சி.பி.எஸ். நிறுவனத்துடனும் ஒப்பந்தம் செய்தன. அதே 1977 சனவரியில் மான்செஸ்டர் நகரின் பஸ்காக்ஸ் குழுவினர் கடன் வாங்கிய 500 பவுண்டைக் கொண்டு 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்னும் சிறு இசைத்தட்டைத் தம் சொந்த வெளியீட்டகமான நியூ ஹார்மோன்சின் வழியாக வெளியிட்டனர். முதலில் அச்சானவை ஆயிரம் படிகள். எந்தப் பாடல் எத்தனையாவது முயற்சியில் பதிவாயிற்று என்பதை உறையிலேயே அச்சிட்டிருந்தனர். 1978-இல் ஸ்கிரிட்டி பொலிட்டி குழு தன் முதல் இசைத்தட்டின் உறையில் பதிவுக்கும் அச்சுக்கும் ஆன செலவுகளையே பட்டியலிட்டது. வாங்குவோரிடம் கணக்கைத் திறந்து காட்டுவதால், இதனை நீயும் செய்யலாம் என்ற அழைப்பு தானே பிறந்துவிடுகிறது.

ஆனால் 500 பவுண்டு எல்லாரிடமும் இருக்கவில்லை. இந்நிலையில்தான் ஒலிநாடா வருகிறது. 1979 முதல் 1982 வரையிலான ஆண்டுகளில் பிரித்தானியச் சிறு குழுக்கள் பல தம் வீட்டு அறையிலேயே பதிவுசெய்து, அங்கேயே படியெடுத்து, ஒளிநகல் எடுத்த தாளைச் செருகி வெளியிடத் தொடங்கின. அவற்றுள் சில, விலையே வைக்கவில்லை. வெற்றுப் பேழை ஒன்றையும் தபால்தலை ஒட்டிய தன்முகவரி உறையையும் அனுப்பினால், பாட்டைப் பதிந்து அதே உறையில் திருப்பி அனுப்புவர். வாரந்தோறும் வெளிவந்த பெரிய இசை ஏடுகள் இப்பேழைகளைக் குறிப்பிடத் தனிப் பத்திகள் ஒதுக்கின. 1981-இல் என்.எம்.இ. ஏடும் ரஃப் டிரேட் வெளியீட்டகமும் சேர்ந்து 'சி81' என்ற தொகுப்புப் பேழையையே வெளியிட்டன.

முனைவர் பட்ட ஆய்வுக்காக வட இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது பழம்பொருட் கடை ஒன்றில் இத்தகைய பேழைகள் நிறைந்த காலணிப் பெட்டி ஒன்றைக் கண்டேன். ஆய்வு மொழியியலைச் சார்ந்ததாகையால் அவற்றுக்கும் எனக்கும் தொடர்பில்லை. ஆயினும் பதினொன்றை வாங்கினேன். அவற்றுள் ஒன்று பிரெஞ்சு மொழிப் பயிற்சிப் பேழை. தடுப்பு உடைந்த இடத்தில் ஒட்டுத்தாள். உள்ளே இருந்த தாளில் தட்டச்சுப் பொறியின் எழுத்தில் குழுவினரின் பெயர்கள். அடியில் வீட்டு எண், தெருப்பெயர், ஊர். அந்த முகவரியை வாசித்த கணத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது பத்து பெரண்டாம். ஏன் என்பதைப் பின்னர் விளக்குவேன்.

அமெரிக்காவில் நிகழ்ந்தவற்றுள் சிற்றிதழ் ஆய்வாளர் தவறாது நோக்க வேண்டியது ஒன்றுண்டு. வாசிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியா நகரில் புரூஸ் பேவிட் 1980-இல் 'சப்டெரேனியன் பாப்' என்னும் சிற்றிதழைத் தொடங்கினார். பெயர் 'சப் பாப்' எனச் சுருங்கியது. அவ்விதழின் 5, 7, 9 ஆகிய எண்கள் ஒலிநாடாக்களாகவே வெளிவந்தன. அஃதாவது, ஓர் இதழ் அச்சு வடிவிலும் நாடா வடிவிலும் மாறிமாறி வெளிவந்தது, இதழாசிரியரே தொகுப்பாசிரியர். சிற்றிதழும் ஒலிநாடா வெளியீட்டகமும் ஒரே செயலின் இரு வடிவங்கள் என்ற என் கருத்துக்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. அதே சப் பாப் பின்னர் நிறுவனமாக வளர்ந்து, 1989-இல் நிர்வாணா குழுவின் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது.

அதே ஒலிம்பியாவில் கால்வின் ஜான்சன் 1982-இல் நிறுவிய கே ரெக்கார்ட்சும் ஒலிநாடாவில் தொடங்கியதே. நியூயார்க்கில் நீல் கூப்பர் 1979-இல் நிறுவிய ரோயர், ஒலிநாடாவை மட்டுமே வெளியிடுவது என்ற கொள்கையோடு இயங்கி, 1982-இல் பேட் பிரெய்ன்ஸ் குழுவின் முதல் தொகுப்பை வெளியிட்டது. சான் டியாகோவின் பி.சி.டி. அயல்நாட்டுக் குழுக்களைத் தொகுத்தளித்தது. இத்தாலியக் குழுக்களின் பாடல்கள் அமெரிக்க இளைஞரை அடைந்த வழிகளுள் அதுவும் ஒன்று. 1991-இல் பிகினி கில் என்னும் பெண்ணியப் பங்க் குழு தன் முதல் வெளியீட்டைத் தானே ஒலிநாடாவில் கொண்டுவந்தது. மேடையில் ஆண்கள் நிறைந்திருந்த இயக்கத்தில், யாருடைய ஒப்புதலும் தேவைப்படாத இவ்வடிவம் பெண்களுக்குப் பயன்பட்டது இயல்பே.

படியெடுப்பும் வெளியீடும்

1981-இல் பிரித்தானிய இசைத்தட்டு வணிகர் கூட்டமைப்பு, வீட்டில் படியெடுப்பது இசையைக் கொல்கிறது என்று பரப்புரை செய்தது. மண்டையோட்டுக்குப் பதில் ஒலிப்பேழையும் அதன்கீழ்க் குறுக்கெலும்புகளும் கொண்ட கடற்கொள்ளையர் சின்னம் அதன் அடையாளம். அதே ஆண்டில் டெட் கென்னடீஸ் குழு தன் வெளியீடு ஒன்றின் ஒலிநாடாப் பதிப்பில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டது. வீட்டுப் பதிவு அழிப்பது நிறுவனங்களின் இலாபத்தையே என்றும், அதற்கு உதவியாகவே இப்பக்கம் வெற்றாக விடப்பட்டது என்றும் பொருள்பட அதன்மேல் எழுதியிருந்தது. நகைச்சுவைக்கு அப்பால் இதில் ஒரு கருத்துத் தெளிவு உண்டு: வாங்குபவரும் பதிவாளரே.

எனினும் படியெடுப்பது அனைத்தும் வெளியீடாகாது. பிறர் உரிமையுள்ள பாட்டைப் படியெடுத்து விற்பது வேறு. தாமே ஆக்கியதைப் படியெடுத்துத் தம் பெயரில் விடுப்பது வேறு. இரண்டுக்கும் கருவி ஒன்று, நாடா ஒன்று, உழைப்பும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு செருகுதாளில் இருக்கிறது. இதனை ஆக்கியவர் இன்னார், படியெடுத்தவர் இன்னார், மறுமொழி எழுத விரும்பினால் இம்முகவரிக்கு எழுதுக என்று சொல்லும் அத்தாளே ஓர் அறையை வெளியீட்டகமாக்குகிறது. மூலதனமோ அலுவலகமோ பதிவுச் சான்றிதழோ அதனைச் செய்வதில்லை. சுயேச்சை என்ற சொல்லை இசைநடைக்கு அடைமொழியாக இன்று தாராளமாக வழங்குகின்றனர். அது பொறுப்பேற்பைக் குறிக்கும் சொல் என்றே நான் கொள்கிறேன்.

இந்தியாவில் ஒலிநாடாவின் வரலாறு வேறு திசையில் சென்றது. பீட்டர் மேனுவலின் 1993-ஆம் ஆண்டு நூல் காட்டுவதுபோல், ஒற்றை நிறுவனத்தின் இசைத்தட்டு ஆதிக்கம் 1980-களில் சரிந்து, நூற்றுக்கணக்கான சிறு வணிகர் வட்டார மொழிப் பாடல்களை வெளியிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வணிகரே. தமிழகத்தில் கே. ஏ. குணசேகரன் 'தன்னானே', 'மனுசங்கடா' முதலிய ஒலிநாடாக்களின்வழி தலித் மக்களின் பாடல்களைக் கொண்டுசென்றது, பங்க் வெளியீட்டகங்களின் நோக்கத்திற்கு நெருக்கமானது. இசைநடையில் இரண்டுக்கும் ஒற்றுமை ஏதுமில்லை.

மலேசியச் சூழல்

மலேசியாவில் பங்க் இயக்கம் பெரும்பாலும் மலாய் இளைஞரிடையே வளர்ந்தது. 1991-இல் கோலாலம்பூரில் உருவான கார்புரேட்டர் டங் குழுவும், அதன் கிதார் கலைஞர் ஜோ கிட் நடத்திய 'ஏடிஸ்' என்னும் சிற்றேடும் இதில் முன்னோடிகள். இங்கும் இதழும் நாடாவும் ஒரே கையிலிருந்து பிறந்தமை நோக்கத்தக்கது. குறுந்தட்டு பரவிய பின்னரும் இந்நாட்டிலும் இந்தோனேசியாவிலும் ஒலிநாடா நெடுங்காலம் நிலைத்தது. விலை ஒரு காரணம். சட்டமும் ஒரு காரணமாகலாம். 2000-ஆம் ஆண்டு ஒளியியல் வட்டுச் சட்டம் குறுந்தட்டு உற்பத்திக்கு உரிமம் வேண்டும் என்றது. வீட்டு நாடாவுக்கு அத்தகைய உரிமம் இல்லை. அதற்காக நாடா சட்டத்தின் பார்வைக்கு அப்பாற்பட்டது என்று கருதிவிடக் கூடாது. 1984-ஆம் ஆண்டு அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டம் 'வெளியீடு' என்ற சொல்லின் வரையறைக்குள் ஒலிப்பதிவையும் சேர்த்திருக்கிறது. ஒலிநாடாவை வெளியீடு என்று ஏற்பதற்கு நம் நூலகத் துறையினர் தயங்கிய காலத்திலும் உள்துறையினர் தயங்கவில்லை!

இவ்வியக்கத்தின்மீது அதிகாரத்தின் ஐயம் தொடர்ந்தே வந்துள்ளது. 2005-ஆம் ஆண்டின் இறுதி இரவில் கோலாலம்பூரில் நடந்த இசை நிகழ்ச்சி ஒன்றில் முந்நூறுக்கு மேற்பட்ட இளைஞர் தடுத்துவைக்கப்பட்டனர். 2015 ஆகஸ்டு 28 அன்று அம்பாங்கில் ரூமா அப்பி என்ற இடத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது.

தமிழ் இளைஞர் சென்ற வழி பெரும்பாலும் வேறு. 1990-களில் தி கீஸ் குழுவும், 1998-இல் தமிழ்ப் பாடலையும் உள்ளடக்கிய பன்மொழித் தொகுப்பை வெளியிட்ட பொயட்டிக் அம்மோவும், 2006-இல் 'வல்லவன்' தொகுப்பைத் தந்த யோகி பி, நட்சத்திரா குழுவினரும் சொல்லிசையை இங்கு நிலைநாட்டினர். இவை ஏற்கெனவே பேசப்படுபவை. பேசப்படாதது தோட்டத்து உறுமி மேளம்.

தோட்டத்தில் ஒலிநாடா

பத்து பெரண்டாமில் 1970-களில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்து மின்னியல் தொழிற்சாலைகள் வந்தபின், சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் ஆலை வேலைக்குச் சென்றனர். எங்கள் அண்டை வீட்டு அண்ணன் ஒருவரும் அவர்களுள் ஒருவர். மிகைநேரச் சம்பளத்தைச் சேர்த்து 1990 வாக்கில் இரட்டைப் பேழை வானொலிக் கருவி ஒன்றை வாங்கினார். பாட்டுப் பட்டியலும் வெற்றுப் பேழையும் கொடுத்தால் திரைப்பாடல்களைப் 'பிடித்துக்' கொடுப்பார். அது மேற்சொன்ன படியெடுப்பு, வெளியீடன்று.

ஆனால் ஒருமுறை, செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசிமகத்திற்குச் சில வாரங்கள் முன்னர், தோட்டத்து உறுமிக் குழுவினர் தம் வாசிப்பைப் பதிவுசெய்து தருமாறு அவரிடம் வந்தனர். வீட்டு வாசலில் ஒலிவாங்கி ஒன்றை நாற்காலியில் கட்டிப் பதிந்தார்கள். நாய் குரைத்ததால் இருமுறை நிறுத்த வேண்டியதாயிற்று. நாற்பது படிகள் எடுக்கப்பட்டன. இரட்டை வேகத்தில் ஓட்டியும் மூன்று இரவுகள் பிடித்தன. செருகுதாளை அழகான கையெழுத்துடைய என் அக்காள் எழுதினார். எழுதுபொருள் கடையில் ஒளிநகல் எடுத்தோம். வாசித்த ஒன்பது பேரின் பெயர்கள், பதிந்தவர் பெயர், லயத்தின் வீட்டு எண், விலை ஐந்து வெள்ளி.

பட்டணத்து ஒலிநாடாக் கடைக்காரர் ஒருவர் மூலப் பேழையைத் தமக்குத் தந்துவிடுமாறும், தம் கடைப் பெயரில் நன்றாக அச்சிட்டுத் தருவதாகவும் கேட்டார். ஒன்பது பெயர்களும் தாளில் இருக்குமா என்று மேளத் தலைவர் வினவ, அவ்வளவுக்கு இடமில்லை என்றார். தலைவர் மறுத்துவிட்டார். மான்செஸ்டரையோ ஒலிம்பியாவையோ கேள்விப்பட்டிராத அம்மனிதர், பல்லாண்டுகளுக்குப் பின் வட இங்கிலாந்தின் கடையொன்றில் எனக்கு நினைவுக்கு வந்தமைக்குக் காரணம் இதுவே.

காப்பும் இழப்பும்

நாடாவின் மேலுள்ள இரும்பு ஆக்சைடுப் படலத்தைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தால் சிதையும். நம் நாட்டின் வெக்கையில் பூஞ்சணம் விரைவாகப் படரும். அத்தகைய பேழையை ஓட்டினால் அடுத்து ஓட்டும் பேழைக்கும் அது தொற்றும். பழுதுபார்ப்போரும் உதிரிப் பாகங்களும் குறைந்துவருவதால், ஓட்டும் கருவிகளின் பற்றாக்குறை பேழையின் அழிவைவிட முந்திவிட்டது. 2019-இல் யுனெசுகோ தொடங்கிய காந்த நாடா எச்சரிக்கைத் திட்டம், 2025-ஆம் ஆண்டளவில் வழக்கமான முறையில் நாடாக்களை ஓட்டிப் பெயர்ப்பது அரிதாகிவிடும் என்ற வல்லுநர் கருத்தை முன்வைத்தது. அவ்வாண்டும் வந்துவிட்டது.

பங்க் ஒலிநாடாக்கள் இன்று ஆய்வுக்குக் கிடைப்பதற்குக் காரணம் நூலகங்கள் அவற்றை ஏற்றமையே. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃபேல்ஸ் நூலகம் பெண்ணியப் பங்க் இயக்கத்தின் ஏடுகளையும் நாடாக்களையும் தொகுத்துள்ளது. வாசிங்டன் பொது நூலகம் 2014-இல் தன் நகரத்துப் பங்க் இயக்கத்துக்கெனத் தனிக் காப்பகத்தைத் தொடங்கியது. தமிழ் அச்சுப் பொருள்களுக்குச் சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994 முதல் செய்துவரும் பணியை நாம் அறிவோம். மலேசியாவிலும் 1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் வைப்புச் சட்டம் அச்சல்லாத பொருள்களையும் உள்ளடக்கியே இயற்றப்பட்டது. எனவே இடம் சட்டத்தில் இருக்கிறது. பேழையை எடுத்துச் செல்வோர்தாம் இல்லை.

எடுத்துச் சென்றாலும் எளிதாக முடிவதில்லை. எஞ்சியிருந்த உறுமிப் பேழை ஒன்றை நூலகம் ஒன்றிடம் ஒப்படைக்க முயன்றேன். பதிப்பாண்டு, பதிப்பகம், வரிசை எண் ஆகியவை இன்றிப் பட்டியலிட இயலாது என்று கனிவாகத் திருப்பியளித்தனர். லயத்து வீட்டு எண்ணைப் பதிப்பகம் என்று எழுதலாமா என்று நான் கேட்டதை அவர்கள் நகைச்சுவையாகக் கொண்டனர்.

தமிழாசிரியர்களிடம் மாணவர்வழி வீட்டுப் பேழைகளைத் திரட்டும் வாய்ப்பு உண்டு. திரட்டுவோர் பூஞ்சணம் தெரியும் பேழையை ஓட்டிப் பார்க்காமல் தனியே பிரித்து வைக்க வேண்டும். செருகுதாளை முதலில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். தாள் கிழிந்துபோனால் ஒலி மட்டும் எஞ்சி, அது யாருடையது என்பது அழிந்துவிடும். எண்ணியப் பெயர்ப்புக்கு, ஒலிக்காப்பகத்தார் பரிந்துரைக்கும் 24 பிட் ஆழமும் 96 கிலோஹெர்ட்சு மாதிரி வீதமும் போதுமானவை. இரைச்சலை நீக்கிய படியைத் தனியே வைத்துக்கொண்டு, நீக்காத படியையே மூலமாகப் பேண வேண்டும்.

அவ்வாறு பெயர்த்தபோது உறுமி வாசிப்பு இருபத்திரண்டாவது நிமிடத்தில் முடிகிறது; பின்னர், முன்பே அந்நாடாவில் இருந்த திரைப்பாடல் ஒன்று நடுவரியில் தொடங்குகிறது. தோட்டம் வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. தாளிலுள்ள ஒன்பது பெயர்களுள் ஏழு பேர் இன்னார் எனத் தெரிந்துகொள்ள முடிந்தது. அவர்களுள் நால்வர் காலமாகிவிட்டனர். எஞ்சிய இரு பெயர்களில் ஈரம் பட்டு மை பரவியிருக்கிறது. எழுதியவர் என் அக்காள்தாம், அவருக்கும் நினைவில்லை.